நாகலூரிலிருந்து இறங்கிய யெஸ்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி யெஸ்டி 250, மைசூரில் தயாரான பழைய பைக். சேலத்தில் 1983-இல் பதிவானது. வாங்கியவர் சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கும் வங்கி ஊழியர், வயது முப்பதுக்குள். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டிகள். விற்றவர்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பிறகு காலமான ஒரு பெரியவரின் குடும்பத்தார். வாங்கிய சில மாதங்களில், ஒரு மார்கழிக் காலையில், ஏற்காட்டிலிருந்து இறங்கி அடிவாரம் தாண்டிய கொஞ்ச தூரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது, அதாவது சூட்டில் சிலிண்டருக்குள் இறுகி அசையாமல் நின்றுவிட்டது. பின்சக்கரம் சுழலாமல் தார் ரோட்டில் இழுபட்டது. சட்டென்று கிளட்ச்சைப் பிடித்ததால் ஆள் விழவில்லை. வண்டி குட்டி யானையில் ஏறி வீட்டுக்கு வந்தது.

பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் வண்டி பிடித்துக்கொண்டால் எந்தப் பட்டறையிலும் முதலில் சொல்வது ஒன்றே: "ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க." இந்த வண்டியில் ஆயில் சரியான அளவில்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது, தனித்தனியாக வந்திருந்தால் எஞ்சின் தாங்கியிருக்கக்கூடிய நான்கு சின்னக் காரணங்கள் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பது. அவற்றில் இரண்டு, வண்டியைப் பார்க்கப் போன நாளிலேயே வெளியே தெரிந்தவை. முதல் தடவை பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது பயன்படும் என்று நினைத்து, அந்த நண்பரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வேலை நடந்தபோது டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது மட்டும்தான் என் பங்கு.

முதலில் காகிதம்

வண்டியின் ஆர்.சி. இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தது. இடையில் வந்த புரோக்கர் ஒரு வழி சொன்னார்: "பெரியவர் எப்பவோ கையெழுத்துப் போட்டு வச்ச ஃபாரம் இருக்குங்க, தேதி மட்டும் போட்டுக்கலாம்." பழைய வண்டிச் சந்தையில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. இறந்தவர் இறந்த பிறகு விற்றதாகக் காட்டும் காகிதம் அது. நாளைக்கு ஒரு விபத்து, ஒரு இன்சூரன்ஸ் கோரிக்கை என்று வந்தால் முதலில் கிழிவது அதுதான். நண்பர் மறுத்துவிட்டார். வண்டி விஷயத்தில் அவர் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் சிறந்தது என்பது என் எண்ணம்.

முறையான வழி இரண்டு படி. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். அதற்குப் பிறகுதான் வாரிசிடமிருந்து வாங்குபவருக்கு, படிவம் 29, 30 வழியாகப் பெயர் மாற்றம். இந்தக் குடும்பத்தில் இரண்டு மகள்கள் வெளியூரில். அவர்களுடைய கையெழுத்துக்காகவே காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை முன்பணம் மட்டும் கொடுத்து, அதற்கு ஒரு எழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது புதுப்பித்தல். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு; அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், கூடவே பசுமை வரி. மத்திய விதியில் 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று வைத்திருக்கிறார்கள். பல வருடம் விட்டுப்போன வண்டி என்றால் இது சின்னத் தொகை அல்ல. விலை பேசும்போதே கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று, அந்தக் காலத்துப் பதிவுகள் பல கணினியில் ஏறாமலே இருக்கும். ஆர்.சி. எண்ணைத் தட்டினால் எதுவும் வராது. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டு ஆர்.சி.யே போலி என்று பயந்து ஓடியவர்களும் உண்டு.

"வின்டேஜ்" என்று விற்பவர்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றங்கள் இல்லாமல் இருக்கும் வண்டிதான் வின்டேஜ். அதற்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. தினமும் ரோட்டில் ஓட்டக் கூடாது. 1983 வண்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது. அது வெறும் பழைய வண்டி, சாதாரணப் புதுப்பித்தலில் ஓடும். ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு அதுவே நல்லது.

எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஆர்.சி.யோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் சரியாக இருந்தன. யெஸ்டியில் எஞ்சின் மாறிப்போன வண்டிகள் நிறைய. மைசூர் ஆலை 1996-இல் மூடியபிறகு உதிரிக்காகவே முழு வண்டிகளை உடைத்தார்கள்.

பார்க்கப் போன நாள்

டேங்க் பளபளவென்று இருந்தது. சீட்டு புதிது. சைலன்சர் இரண்டுக்கும் புதுக் குரோமியம். கிலோமீட்டர் முள் செத்துப்போயிருந்தது, அதனால் அது சொல்லும் பொய்யைக் கேட்கும் வேலை மிச்சம்.

கூட வந்த மெக்கானிக் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ரொம்ப காலமாகப் பட்டறை வைத்திருப்பவர். அவர் முதலில் செய்தது சிலிண்டரில் கையை வைத்ததுதான். சூடாக இருந்தது. வருவதற்கு முன்னாலேயே கிளப்பி வைத்திருக்கிறார்கள். "ஆறட்டும்மா, டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப்போனார். குளிர்ந்த எஞ்சின் எத்தனையாவது உதையில் கிளம்புகிறது என்பது, விற்பவர் சொல்லும் எதையும்விட நம்பத்தக்கது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எலிக்கூடு, காபித் தொலி, கிழிந்த சாக்கு நார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பட்டன் ஆழமாக இருந்த டயர், ஆனால் பதினைந்து வருடத்துக்கு மேலானது. ரப்பர் கல்லாகியிருந்தது. அப்போதுதான் சொன்னார்: "தம்பி, இது ஓடிக் கெட்ட வண்டி இல்ல. நின்னு கெட்ட வண்டி. ஓடிக் கெட்டதுன்னா தேஞ்சது எதுன்னு தெரியும். நின்னு கெட்டதுல ரப்பர் இருக்கிற இடமெல்லாம் சந்தேகம்தான்."

ஆறியபின் மூன்றாவது உதையில் கிளம்பியது. புகை அளவாகத்தான் வந்தது. கியர்பாக்ஸ் ஆயில் அளவும் சரி. யெஸ்டியில் இது முக்கியம். கியர்பாக்ஸ், கிளட்ச், பிரைமரி செயின் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அந்தப் பக்கத்து கிராங்க் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டால் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்து, சைலன்சரில் வெள்ளைப் புகையாகக் கக்கும். அது இல்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் முறுக்கி விட்டபிறகு ஐடில், அதாவது முறுக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், இறங்க நேரம் எடுத்தது. ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் ஒரு சில நொடி உயரத்திலேயே நின்று, பிறகு மெதுவாகத் தணிந்தது. மெக்கானிக் ஐடில் ஸ்குருவைத் திருகிச் சரிசெய்தார், விலைப் பேச்சு தொடங்கியது. அந்தச் சில நொடிதான் முதல் காரணத்தின் அடையாளம். இரண்டாவதை விற்றவர்களே சொன்னார்கள்: மேலே அடிக்கடி பிளக் கறுத்துப்போவதால், ஏற்காட்டு மெக்கானிக் ஒருவர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஓட்டையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றிக் கொடுத்தாராம். "இப்ப பிளக் தொந்தரவே இல்லீங்க." நல்ல செய்தியாகத்தான் அது காதில் விழுந்தது.

ஏன் பிடித்தது

இரண்டாவது காரணமான ஜெட்டிலிருந்து தொடங்கலாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 280-க்குப் பக்கம். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது ஜெட்டின் ஓட்டைக்கு ஏற்ற பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று குறைவதால் கலவை பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுக்கும். அந்த ஊருக்கு ஜெட்டைச் சிறிதாக்கியது சரியான வைத்தியம். அதே ஜெட்டோடு கீழே வந்தால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில்தான் வரும். பட்டறைப் பேச்சில் 'லீன்'. லீன் ஓட்டத்தில் எஞ்சின் உற்சாகமாக இழுப்பதுபோலத் தோன்றும், வெப்பமோ ஏறிக்கொண்டே போகும். சேலத்துக் கோடையில் காற்றும் சூட்டில் மெலிந்துவிடுவதால் இந்த வித்தியாசம் பாதியாவது மறைந்துவிடும். மார்கழிக் காலையில் அந்தச் சலுகை கிடையாது.

பெட்ரோல் மூன்றாவது காரணம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில ஊர்களில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும்; இருபது சதவீதக் கலப்புக்கு 13.5-க்குப் பக்கம் போதும். அதாவது அதே காற்றுக்கு முன்பைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் போனால்தான் கலவை சரியாகும். புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும். 1983 வண்டியில் ஜெட்டை மாற்ற ஆள்தான் வேண்டும். ஏற்கெனவே சின்ன ஜெட், அதன் மேல் இந்தப் பெட்ரோல்.

பழைய வண்டிக்காரர்கள் எத்தனாலை மட்டும் வில்லனாக்குவதைப் பார்க்கிறேன். ஹோஸ் ஊறுவதும் டேங்க்கில் தண்ணீர் சேர்வதும் உண்மை. ஆனால் இந்த வண்டியில் எத்தனால் தனியாக எஞ்சினைப் பிடிக்க வைத்திருக்காது.

முதல் காரணம் டைனமோ பக்கத்து கிராங்க் சீல். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் பெட்டிக்குள்தான் கலவை இழுக்கப்பட்டு அமுக்கப்படுகிறது. அங்கே ஒரு சீல் காய்ந்து சுருங்கினால் கார்புரேட்டரைச் சுற்றிக்கொண்டு வெறும் காற்று உள்ளே போகும். இந்தப் பக்கத்தில் ஆயில் இல்லாததால் புகை காட்டிக்கொடுக்காது. ஐடில் மட்டும் சரியாக இறங்காது.

நான்காவது, அந்த இறக்கம். ஒண்டிக்கடையிலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரம் வரை, நண்பர் பெரும்பாலும் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி வந்திருக்கிறார். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அது பாடப்புத்தகப் பழக்கம். யெஸ்டிக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். ஆக்சிலேட்டரை மூடினால் ஐடிலுக்கு வேண்டிய துளி மட்டும் போகும். எஞ்சினோ சக்கரத்தின் இழுப்பில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் மெல்ல மெல்லத் தேய்கிறது. அடிவாரம் வந்து, ரோடு நேராகி, கோரிமேட்டை நோக்கி முறுக்கியபோது லீன் கலவையின் முழு வெப்பமும் அந்த வறண்ட சுவரில் இறங்கியது. அவ்வளவுதான்.

பிரித்தபோது

பிளக் வெள்ளை. பிஸ்டன் தலையில் கருமையே இல்லை, வெளிறிய சாம்பல் நிறம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வாய்கள் இருக்கும் பக்கம் செங்குத்தாகக் கீறல், சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது. ரிங் காடியிலேயே நசுங்கி ஒட்டியிருந்தது. பிஸ்டன் தலையில் பொறித்திருந்த எண்ணே சொன்னது, இந்தச் சிலிண்டர் ஏற்கெனவே போரிங் (உட்சுவரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்குவது) பார்த்தது என்று.

சீலைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. டைனமோவைக் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் வாய்களையும் கார்புரேட்டர் வாயையும் லேத்தில் வெட்டிய அலுமினியத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்தார்கள். ஒரு தகட்டில் டியூப் வால்வு. அதில் மருந்துக்கடையில் வாங்கிய பி.பி. பார்க்கும் கருவியின் குழாயை மாட்டி, பம்பை அமுக்கி 300 வரை ஏற்றினார் மெக்கானிக். அது கிட்டத்தட்ட ஆறு பி.எஸ்.ஐ., கிராங்க் பெட்டிச் சோதனைக்கு அளவான அழுத்தம். முள் நிற்கவே இல்லை, கண் முன்னால் இறங்கியது. சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும் சீலைச் சுற்றி நுரை பொங்கியது. பழைய டூ-ஸ்ட்ரோக் வாங்கும் யாரும் முதல் மாதத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். பிஸ்டன் செலவில் இது கால்பங்குகூட ஆகாது.

சீலுக்காக எஞ்சினைப் பிரிப்பது என்று முடிவானதும் பேரிங், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் கிட் எல்லாம் சேர்ந்தே மாறின. ராடில் மேலும் கீழும் ஆட்டம் இருந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல் கீழ் ஆட்டம் மட்டும் துளிகூட இருக்கக் கூடாது. உதிரி பாகம் கிடைப்பதில் இந்த வண்டி அதிர்ஷ்டசாலி. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கேட்டால் பெரும்பாலானவை கிடைத்துவிடும், சென்னைப் புதுப்பேட்டையில் பழசும் கிடைக்கும். தரம்தான் ஏற்ற இறக்கம். புதிதாக வந்த ஒரு சீலின் உதடு கோணலாக இருந்ததால் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

போரிங்கில் ஒரு சிக்கல் வந்தது. லேத்காரர் இன்றைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் பழக்கத்தில் பிஸ்டனை இறுக்கமாக உட்கார வைக்கப் பார்த்தார். இரும்புச் சிலிண்டர், காற்றால் ஆறும் டூ-ஸ்ட்ரோக், அதிலும் இரண்டு எக்ஸாஸ்ட் வாய்: இங்கே இடைவெளி கொஞ்சம் தாராளமாக வேண்டும். மெக்கானிக் புதுப் பிஸ்டனை முதலில் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவிலிருந்து கணக்குப் போட்டுச் சிலிண்டரை வெட்டச் சொன்னார். பிஸ்டன் கைக்கு வராமல் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிப் போரிங் பார்க்கக் கூடாது. வாய்களின் ஓரத்தில் இருந்த கூர்மையையும் தேய்த்து எடுத்தார்கள். இல்லாவிட்டால் ரிங் அங்கே மாட்டும்.

இதோடு மெயின் ஜெட் இரண்டு அளவு மேலே போனது, பெட்ரோல் ஹோஸ் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாறியது, டயர் இரண்டும் புதிது. மொத்தச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டியது. நண்பரின் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் முழுதாகச் சொல்லப்படவில்லை.

ஓட விட்டபிறகு

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக்குக்கான ஆயில். பிறகு 30 மில்லி அளவில் நிறுத்தினார்கள். பயத்தில் அதற்கு மேலும் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை இன்னும் லீன் ஆகும். அளவுக் குப்பியைக் கருவிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. முன்பு பெட்ரோல் பங்கிலேயே டூ-டி பம்பு இருந்தது, இப்போது அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மலை இறங்கும் முறையும் மாறியது. சில நொடிக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுவது. அதில் கொஞ்சம் கலவை உள்ளே போய்ச் சுவர் நனையும். மிச்ச வேலை பிரேக்குக்கு. டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக் ஏற்கெனவே குறைவு. ஆளும் வண்டியும் 210 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் பிரேக்கும் எஞ்சினும் காற்றுமாகச் சேர்ந்து கரைக்க வேண்டிய சக்தி ஆறேழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கை இரண்டு டிரம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, டிரம்மை லேத்தில் ஒரு சீவு சீவி வட்டமாக்கியபிறகும், பாதி வழியில் ஓரமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுவது என்று வைத்திருக்கிறார். குப்பனூர் வழி இதைவிடச் செங்குத்து; அந்தப் பக்கம் இந்த வண்டியை இறக்குவதில்லை.

மேலே போகும்போது பிளக் மறுபடி கறுக்கத்தான் செய்கிறது. இப்போது அதற்கு ஜெட்டைத் தொடுவதில்லை. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாட்டி ஊசியை இறக்குகிறார், இறங்குவதற்கு முன் பழையபடி மாற்றுகிறார். ஸ்குருடிரைவர் வேலை, டீ ஆறுவதற்குள் முடியும்.

விளக்கு விஷயத்தில் நண்பருக்கும் மெக்கானிக்குக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. 6 வோல்ட் டைனமோவின் வெளிச்சம் ஏற்காட்டு மஞ்சில் ஒன்றுக்கும் உதவாது. 12 வோல்ட்டும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டால், பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட்டைத் தேய்க்கும் வேலையும் போய்விடும் என்கிறார் மெக்கானிக். பழசு பழசாகவே இருக்கட்டும் என்கிறார் நண்பர். பழைய ஒயரிங்கை வெட்டாமல் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதுசு போடலாம், பின்னால் வேண்டுமென்றால் திருப்பி மாட்டலாம் என்பது என் கட்சி. அதுவரை இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிடுகிறார். மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியலில் பாக்கி இருப்பது கிலோமீட்டர் கேபிளும், அவ்வப்போது நழுவும் கிக்கர் பல்லும்.